மாத்திரை லயத்துக்கு வந்துவிட்டது, இரத்தத்தில் சேர வேண்டும்

(மாதர் சங்கத் தலைவிமாருக்கும் தோட்டத் தலைவர்மாருக்கும் நடத்தப்பட்ட ஒருநாள் பயிற்சியில், எமது சங்கத்தின் மாதர் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் "கர்ப்பவதித் தாய்மாரின் விட்டமின் மாத்திரைகள்" என்று போட்டிருப்பதைப் பார்த்து, வாசலில் ஒரு தலைவர் எங்களிடம் கேட்டார்: "சம்பளப் பிரச்சினை இருக்கு, காணிப் பிரச்சினை இருக்கு. மாத்திரைக்கு எதுக்கு சங்கக் கூட்டம்? அது மிட்வைப் மிஸ்ஸி பேச வேண்டிய விஷயமாச்சே?"

நியாயமான கேள்விதான். நாங்களும் சில வருடங்களுக்கு முன்பு அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்த நினைப்பு எங்கே மாறியது என்பதைச் சொல்லித் தொடங்குகிறோம்.

ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் அங்கத்தவர் சந்தா விஷயமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு லயத்தில் ஏழு மாதக் கர்ப்பிணியாக ஒரு பிள்ளை. அது அவளுக்கு இரண்டாவது பிரசவம். முகம் வெளுத்துப் போயிருந்தது. படியேறி வந்து எங்களுக்குத் தேத்தண்ணீர் கொடுப்பதற்குள் மூச்சு வாங்கியது. கிளினிக் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். ஈமோகுளோபின் 7.8 என்று எழுதியிருந்தது. கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தாலே அது இரத்தச்சோகை.

"மாத்திரை குடுக்கலையா?" என்று கேட்டோம். மாமியார் எழுந்து போய், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அதற்குள் கிளினிக்கில் கொடுத்த பைகள் எல்லாம் இருந்தன. சிலது பிரிக்கவே இல்லை. சிலவற்றில் மாத்திரைகள் ஈரம் பட்டு நிறம் மாறிக் கிடந்தன.

எங்களுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பதை இப்படியா வைப்பது என்று நினைத்தோம். ஆனால் உட்கார்ந்து பேசப் பேசத்தான் விளங்கியது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. குமட்டினால் மலையில் நின்று கொழுந்து பறிக்க முடியாது. ஆகவே காலையில் தேத்தண்ணீரோடு போட்டுப் பார்த்திருக்கிறாள். மலச்சிக்கல் வந்தது. மலையில் மலசலகூடம் இல்லை. அதனால் விட்டுவிட்டாள். இரண்டு கிளினிக்குக்குப் போகவில்லை. போனால் அன்றைக்குப் பேர் இல்லை. கடைக் கடனும் சீட்டுப் பணமும் போக அந்த மாதம் கையில் ஒன்றும் இல்லை.

இதில் எது மிட்வைப் மிஸ்ஸியின் வேலை, எது சங்கத்தின் வேலை என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். மாத்திரை கொழும்பிலிருந்து கிளினிக் வரைக்கும், கிளினிக்கிலிருந்து லயம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பிஸ்கட் டின்னிலிருந்து அவளுடைய இரத்தத்துக்குப் போகிற கடைசித் தூரத்தில்தான் சம்பளமும், வேலை நேரமும், தண்ணீரும், மலசலகூடமும் குறுக்கே நிற்கின்றன. அதனால்தான் இது சங்கக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் என்று சொல்கிறோம்.

முதலில் அந்த மாத்திரைகள் என்னென்ன, எதற்காக என்பதை விளக்கமாகப் பார்ப்போம். தலைவிமார் குறித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்ப காலத்தில் தாயின் உடம்பில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய அரைப்பங்கு கூடுகிறது. பிள்ளைக்கும் நச்சுக்கொடிக்கும் இரத்தம் வேண்டும். பிரசவத்தில் இரத்தம் போகும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவைப்படுகிறது. ரொட்டியும் சம்பலும் சோறும் கறியும் சாப்பிட்டு அதை ஈடுகட்ட முடியாது. நன்றாகச் சாப்பிடுகிற வீடுகளிலும் அது கஷ்டம். அதனால்தான் எல்லாக் கர்ப்பவதிகளுக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள்.

கிளினிக்கில் கிடைப்பவை இவை. முதல் மூன்று மாதம் போலிக் அமிலம். அதன்பிறகு போலிக் அமிலத்தோடு இரும்புச்சத்து, விட்டமின் சி, கல்சியம். மூன்று மாதம் கழிந்த பிறகு ஒரு தடவை பூச்சி மருந்து. இவற்றோடு திரிபோஷவும் கிடைக்கும். பிரசவத்தின் பின்னும் ஆறு மாதம் வரை மாத்திரை தொடர வேண்டும். எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் பிள்ளை பிறந்த அன்றே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது. போன இரத்தம் திரும்ப ஊறவேண்டும்.

இரத்தச்சோகை உள்ள தாய்க்குப் பிரசவத்தில் இரத்தப்பெருக்கு வந்தால் தாங்கும் சக்தி இருக்காது. மற்றப் பெண் தப்பிக்கிற அளவு இரத்தப்போக்கில் இவள் உயிர் போய்விடலாம். ஆஸ்பத்திரி தூரம், ரோடு மோசம், இரவில் வாகனம் கிடையாது என்கிற எமது தோட்டங்களில் இதன் அர்த்தம் என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை. இங்கே இருக்கிற மூத்தவர்கள் கொழுந்து லொறியில் தாய்மாரை ஏற்றிக்கொண்டு போனவர்கள்.

பிள்ளைக்கும் அப்படித்தான். தாய்க்கு இரத்தம் குறைவாக இருந்தால் பிள்ளை மாதம் நிறையாமல் பிறப்பதற்கும், 2.5 கிலோவுக்குக் குறைந்த நிறையில் பிறப்பதற்கும் வாய்ப்பு அதிகம். அப்படிப் பிறக்கிற பிள்ளைக்குச் சீக்கிரம் நோய் தொற்றும். வளர்ச்சி பிந்தும். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை. "நம்ம சாதிசனம் கட்டைதான்" என்று நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். அது சாதிசனத்தால் வந்தது இல்லை. வயிற்றில் இருக்கும்போதும் முதல் இரண்டு வயதிலும் கிடைக்க வேண்டியது கிடைக்காததால் வந்தது.

அடுத்தது, தேயிலையையே நம்பி வாழ்கிற நமக்குச் சொல்லவே சங்கடமான ஒரு விஷயம். நாம் பறிக்கிற இந்தத் தேயிலைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் ஒத்துப்போகாது.

தேயிலைச் சாயத்தில் உள்ள துவர்ப்புச் சத்து, வயிற்றில் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை உடம்புக்கு விடாது. சாப்பாட்டோடு ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடித்தால், அந்தக் கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் சேர வேண்டிய இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் குறைந்துவிடும் என்று கண்டிருக்கிறார்கள். நாம் எழும்பியதும் சாயம் குடிக்கிறோம், ரொட்டியோடு சாயம், மலையில் தேத்தண்ணீர் நேரத்தில் சாயம், அந்திக்கு வீட்டுக்கு வந்ததும் சாயம். இதற்கு நடுவில் போடுகிற மாத்திரை எப்படிச் சேரும்?

தேத்தண்ணீரை விட்டுவிடு என்று நாங்கள் யாருக்கும் சொல்லப்போவதில்லை. குளிரில் வேலை செய்கிறவளுக்கு அது வேண்டும். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை இரவில், சாப்பிட்டு ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்து, படுக்கப் போகும் நேரத்தில் போடுங்கள். விட்டமின் சி மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடுங்கள். அது இரும்பு உடம்பில் சேர உதவும். வெந்நீரோ ஆறிய தண்ணீரோ போதும். தேசிக்காய் கிடைத்தால் கொஞ்சம் பிழிந்துகொள்ளலாம். பாலும் தேத்தண்ணீரும் வேண்டாம். இரவில் போட்டால் குமட்டல் வந்தாலும் தூக்கத்தில் போய்விடும். கல்சியத்தை இரும்போடு ஒன்றாகப் போடக்கூடாது. ஒன்று மற்றதைத் தடுக்கும். கல்சியத்தைக் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். கிளினிக்கில் வேறு முறை சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

அந்த மேற்பிரிவுப் பிள்ளைக்கு நாங்கள் முதலில் சொன்னது இவ்வளவுதான்: "ராத்திரிக்குப் போடு தங்கச்சி, சாயத்தோட போடாத." அதைச் சொல்ல டாக்டர் வரவேண்டியதில்லை. பக்கத்து லயத்துத் தலைவி போதும்.

மாத்திரையைப் பற்றி நம் மத்தியில் உலவுகிற பேச்சுகளையும் இங்கே வெளிப்படையாகப் பேசிவிடுவோம்.

"மாத்திரை போட்டால் பிள்ளை பெருத்துவிடும், வயிற்றை வெட்டித்தான் எடுக்கணும்" என்கிறார்கள். இரும்பு மாத்திரை பிள்ளையை அப்படிப் பெருக்க வைக்காது. நம் தோட்டங்களில் பிள்ளைகள் நிறை குறைந்து பிறப்பதுதான் பிரச்சினை.

"பிள்ளை கறுப்பாப் பிறக்கும்" என்கிறார்கள். மலம்தான் கறுப்பாகப் போகும். சேராமல் மீதியான இரும்பு அப்படி வெளியேறுகிறது. பயப்படத் தேவையில்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே கிடையாது.

"ஒருநாள் மறந்திட்டேன், இன்றைக்கு ரெண்டாப் போடுறேன்" என்கிறார்கள். வேண்டாம். அடுத்த நாள் வழக்கம்போல ஒன்று போதும். ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் நிறுத்திவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். வேறு வகை மாத்திரை இருக்கிறது.

மாத்திரை போட்டும் இரத்தம் ஏறாதவர்களும் இருக்கிறார்கள். தலசீமியா போன்ற பரம்பரைக் காரணமாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். "நீ மாத்திரை போடல" என்று அவளைத் திட்டித் தீர்க்காதீர்கள்.

டவுன் பார்மசியில் கடனுக்கு விலை கூடிய டானிக்கும் விட்டமின் போத்தலும் வாங்குகிறவர்களும் உண்டு. கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பதை ஒழுங்காகப் போட்டால் அந்தக் காசை முட்டைக்கும் நெத்தலிக்கும் செலவழிக்கலாம். அதுமட்டுமில்லை, விட்டமின் ஏ போன்ற சில சத்துகள் கர்ப்பத்தின் தொடக்கத்தில் அளவுக்கு மிஞ்சினால் பிள்ளைக்குக் கேடு. டாக்டர் சொல்லாமல் எதையும் கூட்டிப் போடாதீர்கள்.

இன்னொன்று மிக முக்கியம். அந்த டின்னைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து இரும்பு மாத்திரைகளை அள்ளித் தின்றால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. அடுப்புக்குப் பக்கத்திலும் ஒழுகுகிற கூரைக்குக் கீழும் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் விட்டமின் சி கெட்டுவிடும்.

இப்போது போலிக் அமிலம். இது மாசமாவதற்கு முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை. பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகிற குழாய், கரு தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடும். அது சரியாக மூடாவிட்டால் பிள்ளை முதுகில் பிளவோடு பிறக்கலாம், மூளை வளராமலும் பிறக்கலாம். 28 நாள் என்றால், "இந்த மாதம் தள்ளிப் போயிருக்கிறதே" என்று பெண் யோசிக்கத் தொடங்குகிற நேரம். அதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே கலியாணம் முடித்த பிள்ளைகள் உடனே மிட்வைப் மிஸ்ஸியிடம் பதிந்து, பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே போலிக் அமிலத்தைத் தொடங்க வேண்டும்.

கண்ணூறு பட்டுவிடும் என்று மூன்று மாதம் வெளியில் சொல்லாமல் இருப்பது நம் வழக்கம். ஊருக்குச் சொல்ல வேண்டாம். மிட்வைப் மிஸ்ஸிக்கு மட்டும் எட்டு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். அவர் யாருக்கும் சொல்லமாட்டார்.

பூச்சி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொக்கிப் புழு என்று ஒன்று இருக்கிறது. மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது பாதத்துத் தோல் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு பக்கம் மாத்திரை போட்டு இரத்தம் ஊறவைக்கிறோம், மறுபக்கம் புழு குடித்துக்கொண்டிருக்கிறது. மருந்து போட்டாலும் மறுபடி அதே மண்ணில் வெறுங்காலோடு நின்றால் மறுபடி ஏறும். அதனால் மலையில் மலசலகூடம் கேட்பதும், காலுக்குப் பாதணி கேட்பதும் இரத்தச்சோகைக்கு எதிரான கோரிக்கைகள்தான். பேச்சுவார்த்தை மேசையில் அதை அப்படியே சொல்லுங்கள்.

மலசலகூடம் இல்லாததால் நம் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காவிட்டால் மாத்திரையால் வருகிற மலச்சிக்கல் இன்னும் கூடும். சிறுநீர்த் தொற்றும் வரும். பிறகு, "தோட்டத்துப் பெண்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள், மாத்திரையை வீசிவிடுகிறார்கள்" என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்களை எட்டு மணித்தியாலம் மறைவிடம் இல்லாத மலையில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கிளினிக் நாள். ஒரு தாய்க்கு மாதம் ஒரு தடவையாவது கிளினிக் இருக்கும். கடைசி மாதங்களில் அடிக்கடி இருக்கும். காலையில் போனால் நிறை பார்த்து, பிரஷர் பார்த்து, இரத்தம் சோதித்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி வரப் பகலாகிவிடும். பகல் நிறுவைக்குப் பிறகு மலைக்குப் போனால் அரைப்பேர். சில இடங்களில் அதுவும் இல்லை. ஒவ்வொரு கிளினிக்கும் ஒரு நாள் சம்பளத்தை விழுங்கினால், மூன்றாவது கிளினிக்கை அவள் விட்டுவிடத்தான் செய்வாள். மாத்திரை தீர்ந்துபோகும்.

அந்த மேற்பிரிவில் நாங்கள் இதைத்தான் கையில் எடுத்தோம். தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் போய் நிர்வாகத்திடம் பேசினார்கள். கிளினிக் அட்டையில் அன்றைய திகதி பதிந்திருந்தால், பகலுக்குப் பிறகு வேலைக்கு வருகிற தாய்க்கு முழுப்பேர் போடுவது என்று சம்மதித்தார்கள். அந்த வருடம் கிளினிக்கைத் தவறவிட்டவர்கள் குறைந்தார்கள். பிறகு துரை மாறினார். புதிதாக வந்தவர், "எழுத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எழுத்தில் இல்லை. வாய்ப்பேச்சாக வாங்கியது வாய்ப்பேச்சாகவே போய்விட்டது. அது எங்கள் பிழை. நீங்கள் அந்தப் பிழையைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இங்கே இருக்கும் ஆண் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திரிபோஷ 1973ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கப்படுகிறது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்த்து, சத்துகள் கலந்து செய்த மா. அது வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கிறது? தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து எல்லோருக்கும் ஆளுக்கொன்று. கர்ப்பிணிக்குக் கடைசியில் ஒன்று மிஞ்சினால் உண்டு. பசியிருக்கிற வீட்டில் பிள்ளைகள் கேட்கும்போது தாய் எப்படித் தின்பாள் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அது அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் பங்கு. அதை அவளுக்கென்று எடுத்துவைக்க வேண்டியவர் கணவர். வீட்டில் ஒரு முட்டை இருந்தால், ஒரு துண்டு மீன் இருந்தால், அது இந்த மாதங்களில் அவளுக்கு. ஆண்கள் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் இருப்பதைச் சாப்பிடுகிற பழக்கத்தைக் கர்ப்ப காலத்திலாவது நிறுத்துங்கள். இரவில் "மாத்திரை போட்டியா?" என்று கேட்பதற்குக் காசு செலவில்லை.

இனிப் பிள்ளை பிறந்த பிறகு உள்ள விஷயங்கள். மாதம் நிறைந்து, நல்ல நிறையோடு பிறக்கிற பிள்ளை, தாயிடமிருந்து ஏறக்குறைய ஆறு மாதத்துக்குப் போதுமான இரும்பைச் சேமித்துக்கொண்டு வருகிறது. மாதம் முந்தியோ நிறை குறைந்தோ பிறந்த பிள்ளைக்கு அந்தச் சேமிப்புச் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை டாக்டர் முன்கூட்டியே தொடங்கச் சொல்வார். கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதத்தில் கஞ்சி, மசித்த பருப்பு, கீரை, முட்டை, மீன், இறைச்சி என்று தொடங்கி, தாய்ப்பாலையும் இரண்டு வயதுவரை தொடர வேண்டும். ஆறாம் மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விட்டமின் ஏ கொடுப்பார்கள். நுண்போஷணைத் தூள் பக்கெட்டும் தருவார்கள். அது சமைக்கிற தூள் இல்லை. பிள்ளை ஒரே தடவையில் சாப்பிட்டு முடிக்கக்கூடிய கொஞ்சச் சாப்பாட்டில், ஆறிய பிறகு, ஒரு பக்கெட்டைத் தூவிப் பிசைந்து ஊட்ட வேண்டும்.

பிள்ளைக் காம்பராவில் நாம் பார்க்கிற ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பால் போத்தலில் சீனி போட்ட சாயத்தண்ணி. அழுகிற பிள்ளை அதைக் குடித்துவிட்டுத் தூங்கும். பெரியவளுடைய இரும்பையே பிடித்துக்கொள்கிற சாயம், அந்தச் சின்ன உடம்பில் என்ன செய்யும்? வயிறும் நிறைந்துவிடும், பிறகு பால் குடிக்காது. கைக்குழந்தைக்குச் சாயத்தண்ணி வேண்டவே வேண்டாம். ஆயாவைக் குறைசொல்ல வேண்டாம், தாயையும் குறைசொல்ல வேண்டாம். தாய் வந்து பால் கொடுக்க நேரம் இருந்தால் அந்தப் போத்தல் வந்திருக்காது.

அந்த நேரம் சட்டத்தில் இருக்கிறது, தோழியர்களே. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் 1 மணித்தியாலம். இது சாப்பாட்டு இடைவேளைக்கு மேலதிகமானது. ஆனால் பிள்ளைக் காம்பரா கீழே, வேலை மலை உச்சியில் என்றால், 30 நிமிடத்தில் இறங்கி ஏறவே முடியாது. அப்படிப்பட்ட தாய்மாருக்குப் பக்கத்து மலையில் வேலை கொடுக்கும்படி கேட்பதுதான் அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுப்பது.

முன்பெல்லாம் மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள் லீவுதான். 2018ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். இதை இன்னும் தெரியாத தாய்மார் இருக்கிறார்கள். உங்கள் பிரிவில் போய்ச் சொல்லுங்கள்.

இனி நாம் செய்ய வேண்டியவை. சொந்தக் கையில் உள்ளது சில, நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது சில.

மாதர் சங்கத் தலைவிமார் ஒவ்வொருவரும் தங்கள் பிரிவிலுள்ள கர்ப்பவதிகளையும், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மாரையும் தெரிந்து வைத்திருங்கள். வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் போங்கள். "போட்டியா, போடலையா" என்று பொலிஸ் மாதிரிக் கேட்காதீர்கள். "ஒத்துக்கிதா? எந்த நேரத்துல போடுற? என்ன செய்யுது?" என்று கேளுங்கள். பதில் வரும். கிளினிக்குக்கு மாத்திரை வராமல் போனால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். மிட்வைப் பதவி வெற்றிடமாக இருந்தால் அதையும் எழுதுங்கள்.

நிர்வாகத்திடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் நான்கு. கிளினிக் நாளில் அட்டையைக் காட்டும் தாய்க்கு முழுப்பேர். கர்ப்பவதிகளுக்குப் பாரம் சுமக்காத, செங்குத்தில்லாத இடத்தில் வேலை. மலையில் மலசலகூடமும் குடிக்கக் கொதித்தாறிய தண்ணீரும். பாலூட்டும் தாய்க்குப் பிள்ளைக் காம்பராவுக்குக் கிட்டிய மலையில் வேலை. நான்கையும் எழுத்தில் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள், பிரதியைச் சங்கப் பணிமனைக்கு அனுப்புங்கள். துரை மாறினாலும் கடிதம் மாறாது.

அந்த மேற்பிரிவுப் பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஊசி மூலம் இரும்பு ஏற்றினார்கள். பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது. தாய் பிழைத்தாள். பெண் பிள்ளை, 2.1 கிலோ. இப்போது பிள்ளைக் காம்பராவுக்கு வருகிறாள். தன் வயதுப் பிள்ளைகளைவிடச் சின்னவளாகத்தான் இருக்கிறாள். ஓடுகிறாள், சிரிக்கிறாள், எங்களைக் கண்டால் ஆயாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்.

இன்னும் இரண்டு மாதம் முன்னதாக நாங்கள் அந்தப் படியேறியிருந்தால் அவள் இன்னும் கொஞ்சம் நிறையோடு பிறந்திருக்கலாம். சந்தா வாங்க மாதாமாதம் அதே லயத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். கேட்கவில்லை. இனிக் கேட்போம்.

திரும்பிப் போனதும் உங்கள் பிரிவில் முதலாவது வீட்டிலிருந்து தொடங்குங்கள்.